காயலான் கடையிலிருந்து கூடத்துச் சுவருக்கு

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு காயலான் கடை. வாசலில் துருப்பிடித்த சைக்கிள் ஃபிரேம்கள், ஒரு பழைய கிரைண்டரின் அடிப்பாகம். உள்ளே கழுத்து உயரத்துக்குச் செய்தித்தாள் கட்டுகள். அந்தக் கட்டுகளுக்கு நடுவே குனிந்து, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் எதையோ உருவிக்கொண்டிருந்தார். வெளியே வந்தது தினசரி காலண்டரின் அட்டை. தாளெல்லாம் கிழிபட்டுப்போய்த் தகரப் பட்டி மட்டும் மிச்சமிருந்தது. அட்டையைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வளையல. எடுத்துக்கலாம்."

"எடுத்துக்குங்க டீச்சரம்மா. அதுக்கென்ன எடை போட்டுக்கிட்டு" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை மாலைகளில் இந்த டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து, வீட்டில் கழிந்துபோன சாமான்களைக் கொண்டு சுவரில் மாட்டும் படங்கள் செய்யக் கற்றுத்தருகிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கட்டணம் கிடையாது. இதற்கென்று கடையில் பொருள் வாங்கிக்கொண்டு வரக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கழிவில் கைவேலை என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிப் பூவாக்கி, ஜிகினா தூவி, சுவரில் அடித்துவைப்பார்கள். பார்த்தால் பாட்டில் என்று தெரியும்; பூ என்று தெரியாது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது குப்பைக்குப் போகும், கூடவே ஜிகினாவும் பசையும் சேர்ந்துகொண்டு. அந்த எண்ணத்தோடுதான் டீச்சரின் பின்னால் நடந்தேன்.

பழைய ஓட்டு வீடு. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதைத் தாண்டிக் கூடம். கூடத்துச் சுவரில் இருந்தவை நாலே படங்கள். முதலில் கண்ணை இழுத்தது ஒரு மாங்கிளை. தந்த நிறத் தளத்தில் கிளையும் இலையும் கனமாகப் புடைத்து நின்றன. கிளையில் இரண்டு கிளிகள். அவற்றின் சிறகு முழுக்கப் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள், வளைவு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசை வரிசையாக. ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு மங்கிய சரிகை.

"இது தஞ்சாவூர் ஓவியம் மாதிரியே இருக்கே டீச்சர்?"

"மாதிரி என்ன தம்பி, வேலை அதே வேலைதான். சரக்குதான் வேற."

அவர் சொன்னதன் அர்த்தம் புரிய அந்த ஓவியத்தின் அடுக்குகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மராட்டியர் ஆட்சியில் தழைத்த இந்தக் கலைக்குப் பலகைப் படம் என்றொரு பெயரும் உண்டு. பழைய படங்களுக்கு அடியில் இருப்பது பலாப் பலகை. அதன்மேல் துணியை ஒட்டுவார்கள். துணிமேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சு, காயக் காயத் தேய்த்து வழவழப்பாக்கியது. பிறகு படத்தை வரைந்து, நகையும் தூணும் மாலையும் வரும் இடங்களில் மக்கு வைத்துப் புடைப்பாக்குவார்கள். மக்கு என்பது அதே சுண்ணத்தூளைப் பசையில் கெட்டியாகப் பிசைந்தது. ஈரமாக இருக்கும்போதே கற்களைப் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம். படத்தின் விலையைத் தூக்குவது பெரும்பாலும் தங்க ரேக்கும் மாதக்கணக்கான உழைப்பும்தான். மக்கு வெறும் சுண்ணாம்பு வகை. அதைத்தான் டீச்சர் பிடித்துக்கொண்டார். பலாப் பலகைக்குப் பதில் காலண்டர் அட்டை, புதுத் துணிக்குப் பதில் நைந்த வேட்டி, கல்லுக்குப் பதில் உடைந்த வளையல், ரேக்குக்குப் பதில் கிழிந்த புடவையின் சரிகை.

நாலரை மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மனைவி ஒருவர், மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, அவளுடைய அத்தை. கல்லூரிப் பெண்ணின் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஆன்லைனில் வாங்கிய லிப்பன் கிட். வட்டமான பலகை, பாக்கெட்டில் களிமண், சின்னச் சின்னக் கண்ணாடிகள், குளூ கன் ஒன்று.

"எவ்வளவுடி?" என்றார் டீச்சர்.

"எண்ணூத்தி அம்பது டீச்சர். ஆஃபர்ல."

"அந்தக் காசுக்கு நல்ல படமா ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கலாமே. காசு கொடுத்து வாங்கிட்டு அதுக்குக் கழிவுல கலைன்னு பேர் வைக்கக் கூடாது."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஆனால் டீச்சர் கிட்டை ஒதுக்கிவைக்கவில்லை. லிப்பன் வேலை எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் சொன்னார். குஜராத்தின் கட்ச் பகுதியில், புங்கா எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகளில், பெண்கள் களிமண்ணோடு ஒட்டகம், கழுதை போன்றவற்றின் சாணத்தைப் பிசைந்து சுவரிலேயே திரிதிரியாக ஒட்டிக் கோலம் செய்வார்கள். நடுநடுவே கண்ணாடித் துண்டுகள். இருட்டான குடிசைக்குள் ஒரு விளக்கு எரிந்தால் சுவர் முழுக்க மினுங்கும். "அவங்க சுத்தி என்ன கெடச்சுதோ அதை வச்சுச் செஞ்சாங்க. நம்மளைச் சுத்தி என்ன கெடக்குன்னு பாரு." கண்ணாடிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

முதல் வேலை அட்டை. சிவகாசியில் அச்சாகி ஜவுளிக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை வழியாக வீடு வீடாக வந்து சேரும் இந்த அட்டைகளில் பாதிக்கு மேல் சாமி படம். அதைக் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போவார்கள். மழையில் ஊறிக் கிடக்கும். டீச்சர் இரண்டு அட்டைகளைப் படம் உள்பக்கம் இருக்கும்படி முகத்தோடு முகம் வைத்து ஒட்டுகிறார். மழமழப்பான அச்சின்மேல் பசை பிடிக்காது என்பதால் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் சுரசுரப்பாக்கிக்கொள்கிறார். "சாமி உள்ளேயே இருக்கார், யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல" என்றார். ஒற்றை அட்டை பசை ஈரத்தில் வில்லாக வளையும். இரண்டு அட்டைகள் எதிரெதிரே ஒட்டினால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று தடுத்துவிடும். பக்தியும் தச்சுவேலை அறிவும் ஒரே இடத்தில் வந்து நின்றதை ரசித்தேன்.

பசை, அடுப்பில் காய்ச்சிய மைதாக் கூழ். கட்டி தட்டாமல் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். புத்தகம் பைண்டிங் செய்பவர்களின் பழைய வழக்கம் இது. இதைப் போடாவிட்டால் மைதாவைத் தேடிக் கரப்பானும் பூச்சியும் வரும். ஆனால் மயில்துத்தம் விஷம். அந்தப் பசைக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. டப்பா மேல் கொட்டை எழுத்தில் எழுதி, பரண்மேல் வைத்திருக்கிறார். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை விட்டுவிட்டு, கடையில் விற்கும் வெள்ளைப் பசையையே தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம் என்று ஆட்டோ ஓட்டுநரின் மனைவியிடம் தனியாகச் சொன்னார். அவர் வீட்டில் கைக்குழந்தை.

வேட்டித் துணியைப் பசையில் தோய்த்து அட்டைமேல் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கக்கூடாது. பின்பக்கமும் துணி உண்டு. முன்பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபடியும் வளைவுதான். பிறகு நிழலில் உலர்த்தி, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிட வேண்டும். மறுநாள் வரை அதைத் தொடக்கூடாது. வகுப்புக்காக டீச்சர் முந்தின வாரமே தயார் செய்து காயவைத்த அட்டைகள் இருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்.

மக்குதான் இந்த வேலையின் உயிர். வெள்ளைப் பசை ஒரு பங்குக்கு சாக் பவுடர் மூன்று பங்கு அளவில், சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தார். கோடு போட வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். பழைய காலத்தில் புளியங்கொட்டைப் பசை சேர்த்ததும் உண்டாம். கோடு போட அவர் பயன்படுத்தியது பால் கவர். கழுவிக் காயவைத்த கவரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை ஊசியளவு வெட்டி, மருதாணிக் கூம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தார். அழுத்தினால் நூல் நூலாக வெள்ளைக் கோடு விழுகிறது. மாங்கிளையின் நரம்புகள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

மளிகைக் கடை அக்கா அவசரப்பட்டு ஒரே தடவையில் விரல் பருமனுக்கு மக்கை அப்பினார். டீச்சர் சுரண்டி எடுக்கச் சொல்லிவிட்டார். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் இரண்டு நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். மெல்லிய படலம், காயவிடு, அதன்மேல் இன்னொரு படலம். "சமையல்ல காட்டற பொறுமைல பாதி போதும் இதுக்கு."

வளையலை உடைப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். பழைய காடாத்துணியில் நாலைந்து வளையல்களைச் சுற்றி, துணிக்கு மேலே சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிறார். சிதறாது. துண்டுகளை அரிசி சலிக்கும் சல்லடையில் போட்டுத் தூளைப் பிரித்து, விரலால் தொடாமல் இடுக்கியில் எடுத்து ஈர மக்கில் பதிக்கிறார். கூர்முனைகள் உள்ளே புதைந்து, வழவழப்பான முதுகு மட்டும் வெளியே தெரிய வேண்டும். அந்தச் சல்லடை திரும்பச் சமையலறைக்குப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

சண்டிகரில் நேக் சந்த் எழுப்பிய பாறைத் தோட்டத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கிளிச் சிறகு சட்டென்று பிடிபடும். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், 1957-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல், அரசு நிலத்தில், நகரம் தூக்கிப்போட்ட உடைந்த பீங்கான், மின்சாதனச் சில்லு, வளையல் என்று சேர்த்துச் சிற்பங்களும் சுவர்களும் செய்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்காமல் 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சுவர்களின் அழகுக்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு சுவர் என்றால் ஒரு பொருள். பிளக் என்றால் நூற்றுக்கணக்கில் பிளக் மட்டும், வளையல் என்றால் வளையல் மட்டும். ஒன்றே திரும்பத் திரும்ப வரும்போது அது பழைய சாமான் என்பது மறந்து, வெறும் நிறமும் வடிவமும் மிஞ்சுகிறது. நான் முன்பு பார்த்து முகம் சுளித்த கைவேலைகளில் இல்லாதது இதுதான். பட்டனும் பாசியும் பஞ்சும் ஐஸ் குச்சியும் ஒரே அட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

டீச்சரும் அந்த விஷயத்தில் கண்டிப்பு. கல்லூரிப் பெண் கிளியின் கழுத்தில் மணி, வாலில் கண்ணாடி, இலையில் பட்டன் என்று வைத்துக்கொண்டே போனாள். "ஒண்ணை வச்சுக்க, மீதியை டப்பாவுல போடு." அவள் கண்ணாடியை வைத்துக்கொண்டாள். கண்ணாடி தீர்ந்ததும் டீச்சர் பழைய சி.டி. ஒன்றை எடுத்தார். அப்படியே கத்தரித்தால் நொறுங்கும், வெள்ளிப் படலம் உரியும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் சிறிது நேரம் போட்டு, சூடு ஆறுவதற்குள் வெட்டினால் துண்டு சுத்தமாக வருகிறது. வானவில் பளபளப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது.

எதை உடைக்கவே கூடாது என்பதற்கும் அவரிடம் பட்டியல் உண்டு. டியூப்லைட், சுருள் சி.எஃப்.எல். பல்பு, பழைய தெர்மாமீட்டர். இவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. நேக் சந்தின் தோட்டத்தில் டியூப்லைட்டும் இருக்கலாம். நம் கூடத்துக்கு அது வேண்டாம். வெள்ளி மினுமினுப்புக்கு மாத்திரை அட்டைகளை வெட்டி ஒட்டுகிறவர்கள், குழிக்குள் மாத்திரை எதுவும் தங்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

சரிகைக்கு வந்தபோது கூடத்தில் சத்தம் கூடியது. அத்தை தன் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்திருந்தார். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. கத்தரியை எடுத்தவரை டீச்சர் தடுத்துவிட்டார். அசல் காஞ்சிபுரம் சரிகை, பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியது. கிழிந்த பட்டுப் புடவைகளை வாங்கி, சரிகையை உருக்கி வெள்ளி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கடைவீதிகளில் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். "முதல்ல ஒரு கடையில காட்டு. நல்ல சரிகைன்னா வித்துடு, வர்ற காசை வச்சுக்க. போலிச் சரிகைன்னா இங்க கொண்டா." அழகைவிடக் கணக்கை முன்னால் வைத்த அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. குறைந்த செலவு என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கான ரூபாய் வெள்ளியைச் சுவரில் ஒட்டுவது என்ன சிக்கனம்?

வண்ணத்துக்கும் செலவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வாளியின் அடியில் தங்கிய எமல்ஷன்தான் தளத்துக்கு. அதில் துளித்துளியாகக் கலர் ஸ்டெயினர் விட்டால் தந்தம், இளம்பச்சை, காவி எல்லாம் கிடைக்கும். கிளையின் கருப்புக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயின்ட் பாக்ஸ். மக்குக்கு சாக் பவுடரும் பசையும் வாங்கத்தான் வேண்டும். அவருடைய நிபந்தனைக்கு அவை மட்டும் விலக்கு. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு படத்துக்கு 100 ரூபாய்க்குள் அடங்குகிறது.

மற்ற படங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. அது பிய்ந்துபோன முறம். நம் வீடுகளில் மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் காகிதக் கூழோடு வெந்தயத்தை அரைத்துப் பூசுவது பாட்டிமார் வழக்கம். வெந்தயத்தின் வழவழப்பு கூழைக் கட்டிப்பிடிக்கும். கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். டீச்சர் அதே கூழைப் பூசி, காயவைத்து, காவியடித்து, மேலே வெள்ளையில் ஒரே ஒரு சிக்குக் கோலம் போட்டிருந்தார். வேறு ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் எனக்கு மிகவும் பிடித்தது மாங்கிளை அல்ல, இந்த முறம்தான். பழைய அலுமினிய இட்லித் தட்டைப் பூவாக்கி மாட்டியிருந்ததும் உண்டு. அதைப் பார்த்தால் பசிக்கத்தான் செய்கிறது.

மாட்டும் விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். அட்டையும் துணியும் மைதாவும் சேர்ந்தது கரையானுக்கு விருந்து. சுவரோடு ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், பின்னால் பல்லி குடியேறும். அதனால் படத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் சோடா மூடிகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக இடம் விடுகிறார். சமையலறைப் பக்கச் சுவரும் வெயில் நேரே விழும் சுவரும் ஆகாது. குளூ கன் பசையில் ஒட்டியவை மே மாத வெயில் படும் இடத்தில் இளகி ஒவ்வொன்றாக விழுவதை நானே வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். புது ஆணியும் அடிக்க வேண்டாம். எடை குறைவு, காலண்டர் மாட்டிய ஆணியே தாங்கும். முட்டை அட்டையில் செய்யும் ரோஜாப்பூக்களை டீச்சர் ஒரே வார்த்தையில் ஒதுக்கினார்: "தூசி." ஈரத்துணியால் ஒரு தடவை துடைக்க முடியாத எதையும் அவர் சுவரில் ஏற்றுவதில்லை. அதற்காகவே படம் காய்ந்ததும் வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறார். வார்னிஷ் மிச்சம் இருந்தால் அது இன்னும் நல்லது.

ஆறரை மணிக்கு அரைகுறையாக முடிந்த கிளிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாகக் காயவைத்துவிட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். லிப்பன் கிட்டின் களிமண் பாக்கெட் பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது. "ரிட்டர்ன் போட முடியுமான்னு பாரு" என்று அத்தை படியிறங்கும்போது சொல்வது கேட்டது.

நீங்களும் செய்து பார்ப்பதானால் ஒரு விஷயம். தினசரி காலண்டர் அட்டைகள் வீட்டைவிட்டு வெளியே போவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும்தான். அப்போது வளையாததாக இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவைத்தால் ஒரு மாதத்தில் வளைந்துவிடும். மெத்தைக்கு அடியில் படுக்க வையுங்கள்.